எழுத்துப் பிழையைக் கணினி பார்க்கும். பொருட்பிழையை யார் பார்ப்பது?



ஜனாஸா அறிவிப்பில் 'இறந்தார்' என்று வரவேண்டிய இடத்தில் 'இரந்தார்' என்று வந்துவிட்டால், வஃபாத்தானவர் பிச்சை கேட்டார் என்று பொருளாகிவிடும். மாறியது ஓர் எழுத்துதான். மேலப்பாளையம், பத்தமடை முதல் காயல்பட்டினம் வரை நம் மஹல்லாக்களில் நிகாஹ் அழைப்பு, ஜமாஅத் அறிவிப்பு, பயான் குறிப்பு எல்லாம் இன்று கணினியிலும் கைப்பேசியிலும்தான் தயாராகின்றன. வாட்ஸ்அப்பில் பரவிவிட்ட பிழையைத் திரும்ப அழைக்க முடியாது.

எழுத்தை மார்க்கம் சாதாரணமாக விடவில்லை. திருக்குர்ஆனின் மிக நீளமான வசனமே (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும் என்று அதில் அல்லாஹ் கட்டளையிடுகிறான்.

பிழை பார்க்க எளிய கருவி ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. அதன் பெயர் ஹன்ஸ்பெல். ஹங்கேரியைச் சேர்ந்த லாஸ்லோ நேமெத் உருவாக்கியது. ஹங்கேரிய மொழியிலும் தமிழைப் போலவே ஒரு சொல்லின் பின்னால் விகுதிகள் அடுக்கடுக்காகச் சேரும். அதனால் இந்தக் கருவி சொற்பட்டியலை ஒரு கோப்பிலும், விகுதிகள் சேரும் விதிகளை இன்னொரு கோப்பிலும் வைத்துக்கொள்கிறது. லினக்ஸ் கணினிகளில் இதற்கான தமிழ் அகராதியும் கிடைக்கிறது.

இதில் பட்டன்களோ படங்களோ இல்லை. டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் கருவியின் பெயர், அகராதியின் பெயர், நம் கோப்பின் பெயர் ஆகியவற்றைத் தட்டச்சு செய்தால் போதும். அகராதியில் இல்லாத சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டி, திருத்தவா விடவா என்று கேட்கும். பட்டியல் மட்டும் வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. 'தொலுகை' என்று இருந்தால் பிடித்துவிடும்.

இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கோப்பு யூனிகோடில் இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கருவிக்கு வெறும் ஆங்கில எழுத்துகள்தான். முதலில் அதை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நம் சொற்கள் பலவும் பொது அகராதியில் இருப்பதில்லை. வலீமா, மஹர், ஸஹர், தராவீஹ் எல்லாவற்றையும் கருவி பிழை என்று சொல்லக்கூடும். அவற்றைச் சொந்த அகராதியில் சேர்த்துவிட்டால் அடுத்த முறை கேட்காது. ஆனால் சேர்க்கும் முன் ஜமாஅத்தார் ஒரு முடிவுக்கு வர வேண்டும். ரமலானா, ரமளானா, ரமழானா? ஸகாத்தா, ஜகாத்தா? ஒரே நோட்டீஸில் மூன்று விதமாக எழுதுவதை விட, ஒன்றை வைத்துக்கொண்டு அதையே தொடர்வது நல்லது.

இனி முக்கியமான விஷயம். 'இரந்தார்' என்பதும் சரியான தமிழ்ச் சொல்தான். அகராதியில் உள்ள சொல்லைக் கருவி கேள்வி கேட்காது.

இந்த ஆபத்தை ஹதீஸ் கலை அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். எழுத்தைத் தவறாக வாசிப்பதற்குத் 'தஸ்ஹீஃப்' என்று பெயரிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் பள்ளியில் தமக்கென ஓர் இடத்தைத் தடுத்துக்கொண்டார்கள் என்ற ஹதீஸில் உள்ள சொல் 'இஹ்தஜர'. இப்னு லஹீஆ அதை 'இஹ்தஜம' என்று அறிவித்துவிட்டார். 'ரத்தம் குத்தி எடுத்தார்கள்' என்று பொருள் மாறிவிட்டது. ஆசிரியரிடம் காதால் கேட்காமல் ஏட்டிலிருந்து எடுத்ததே காரணம் என்கிறார்கள். ஷவ்வாலின் ஆறு நோன்பு பற்றிய ஹதீஸில் 'ஸித்தன்' (ஆறு) என்பதை அபூபக்ர் அஸ்ஸூலி 'ஷைஅன்' (கொஞ்சம்) என்று வாசித்ததையும் இப்னுஸ் ஸலாஹ் (ஹிஜ்ரி 643இல் வஃபாத்) பதிவு செய்கிறார். இவையெல்லாம் சரியான அரபுச் சொற்களே. எந்தக் கருவியும் பிடித்திருக்காது.

அவர்கள் கண்ட மருந்து 'முகாபலா', அதாவது மூலத்தோடு ஒப்பிடுதல். ஒவ்வொரு ஹதீஸுக்குப் பின்னும் ஒரு வட்டம் போட்டு வைப்பார்கள். மூலத்தோடு ஒப்பிட்டு முடித்த பிறகே அந்த வட்டத்துக்குள் புள்ளி வைப்பார்கள். புள்ளி இல்லாத வட்டம் என்றால் இன்னும் சரிபார்க்கவில்லை என்று அர்த்தம்.

நமக்கும் இதுவே வழி. முதலில் கருவியை ஓட்டுங்கள். பிறகு ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் மூலத்தைப் பார்த்து வரட்டும். பெயர், தேதி, மஹர் தொகை, வசன எண் ஆகியவற்றை இரண்டு முறை பாருங்கள். பிள்ளைகள் இருந்தால் கணவரின் சொத்தில் மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லையென்றால் நான்கில் ஒன்று (4:12). பாகப்பிரிவினைக் குறிப்பில் இது மாறிப்போனால் எழுத்துப் பிழை ஒன்றுமே இருக்காது. ஆனால் ஒருவருடைய ஹக்கு இன்னொருவர் கைக்குப் போய்விடும்.

வீட்டில் கணினி தெரிந்த பிள்ளைகள் கருவியை ஓட்டட்டும். மார்க்கமும் குடும்ப விவரமும் தெரிந்த பெரியவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எழுதுவதிலும் பேணுதலைக் கடைப்பிடிக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.