பழைய சேலையில் ஒரு சாட்சி



நம் சிவகிரிப் பக்கத்துத் தாய்மார் பழைய நூல் சேலையில்தான் தொட்டில் கட்டுவார்கள். பலமுறை துவைத்த துணி பிள்ளையின் உடம்பை உறுத்தாது என்பது அவர்கள் அறிந்ததே. பீகார் தாய்மாரும் இதை அறிந்திருந்தார்கள். பழைய சேலைகளை அடுக்கித் தைத்து, பிறந்த குழந்தையைச் சுற்றினார்கள். 'சுஜனி' என்னும் அந்தப் போர்வை இன்று படங்கள் நிறைந்த சித்திரப் போர்வையாக வளர்ந்திருக்கிறது. அதைப்பற்றி இவ்விதழில் உங்களுக்கு விளக்க விரும்புகிறோம்.

1988-ஆம் ஆண்டில், 'அதிதி' தொண்டு நிறுவனத்தின் விஜி ஸ்ரீனிவாசன் தந்த ஊக்கத்தால், முசாபர்பூர் மாவட்டம் புசுரா கிராமத்துப் பெண்கள் இத்தையலைப் புதுப்பித்தார்கள். பூவும் பறவையும் மட்டுமல்ல. வரதட்சணை, பெண்சிசுக் கொலை, குடிப்பழக்கம், எய்ட்ஸ் நோய் ஆகியவற்றையும் படமாகத் தைத்தார்கள். வாய்விட்டுச் சொல்லக் கூசிய துன்பத்தை ஊசி சொல்லிற்று. இக்கலைக்காக நிர்மலா தேவி 2025-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

செய்யும் விதம் எளிது. முதலில் துணியைத் துவைத்துக் காயவைக்க வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, சாயம் போகிறதை விலக்கிவிட வேண்டும். இரண்டு மூன்று அடுக்காக விரித்து, நகராதபடி பெரிய தையலாக இழையோட்டி, மேலே பென்சிலால் படம் வரையலாம். உருவங்களின் ஓரத்தைக் கறுப்பு நூலில் சங்கிலித் தையலாலும், உட்புறத்தை வண்ண நூலாலும் நிரப்ப வேண்டும். மீதி இடமெங்கும் துணியின் நிறத்து நூலால் நெருக்கமாகத் தைத்தால் அடுக்குகள் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். சுவரில் தொங்கவிடும் போர்வையானால் வெட்டிய துணி உருவங்கள், ஜரிகை, பொத்தான், பாசிமணி ஆகியவற்றையும் சேர்க்கலாம். குழந்தைக்குரிய போர்வையில் மணியோ பொத்தானோ வேண்டாம். கழன்றால் குழந்தை விழுங்கிவிடும்.

பலர் சேர்ந்து தைக்கும்போது ஒரே தலைப்பும் ஒரே அளவும் வைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயால் மரித்தவர்களின் நினைவாக 1987-இல் தொடங்கிய போர்வைக்கு அப்படியே செய்தார்கள். ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி. ஏறக்குறைய ஒரு கல்லறையின் அளவு. மரித்தவரின் சட்டை, பதக்கம், புகைப்படம் முதலியவற்றை அன்பானவர்கள் அதில் வைத்துத் தைத்தார்கள். அவ்வாண்டு அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் விரித்தபோது 1,920 துண்டுகள் இருந்தன. இன்று ஏறக்குறைய 50,000. அந்நோயாளிகளின் பெயரைச் சொல்லவும் பலர் அஞ்சிய காலத்தில், அப்பெயர்களை உலகம் வாசித்தது.

உங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் இப்படி ஒரு போட்டி வைக்கலாம். 'கர்ப்பிணியின் ஆகாரம்', 'சுத்தமான தண்ணீர்' போன்ற ஒரு தலைப்பு, இரண்டடிச் சதுரம், மூன்று மாதத் தவணை போதும். வந்தவற்றை ஒன்றாக இணைத்து, ஜனங்கள் காத்திருக்கும் இடத்தில் தொங்கவிட்டால், எழுத்தறியாத தாயும் பார்த்துப் புரிந்துகொள்வாள். பரிசு யாருக்கு என்பது பெரிதல்ல; எல்லாருடைய துண்டுக்கும் அதில் இடமுண்டு.

யோப்பா பட்டணத்துத் தொற்காள் மரித்தபோது, அவள் தைத்துக்கொடுத்த வஸ்திரங்களை விதவைகள் பேதுருவுக்குக் காண்பித்தார்கள். அவளுக்காகப் பேசியது அவளுடைய தையல். உங்கள் பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய சேலைக்கும் சொல்ல ஒரு செய்தி இருக்கக்கூடும்.