மலையகத்துச் சிறுத்தையும் சுருக்குக் கம்பியும்

1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, பாவா ஆதம் மலைக்கு ஏறிப்போன வழியைத் தமது பயண நூலில் விவரித்திருக்கிறார். யானைகளைப் பற்றியும் அட்டைகளைப் பற்றியும் சொல்லும் அவர், ஒருவகைக் கறுப்புக் குரங்குகளையும் குறிப்பிடுகிறார். அவற்றின் வால் நீளமானது, ஆணுக்கு மனிதரைப் போலத் தாடி உண்டு என்பது அவர் தரும் வர்ணனை. இன்றும் மலையகத்தில் வாழும் ஊதாமுக மந்திக்கு இது நன்றாகவே பொருந்துகிறது.

அவர் கண்ட அந்த மலைநாட்டில் யானைக்கூட்டம் இன்று கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். பிரித்தானியர் காலத்தில் மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் என்ற ஒரே அதிகாரி 1,400க்கும் அதிகமான யானைகளைச் சுட்டதாகக் கூறப்படுகிறது. 1845இல் இடி விழுந்து இறந்த அவருடைய கல்லறை நுவரெலியாவில் உள்ளது. தாடி வைத்த மந்தியோ இப்போது அழிந்துவரும் இனங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. எஞ்சியிருக்கும் பெரிய விலங்குகளில் முக்கியமானது சிறுத்தை. அதுவும் யானை போன வழியே போகுமா என்பதுதான் இன்று எம்முன் உள்ள கேள்வி.

தோட்டத்துக்குள் ஒரு காடு

தோட்டத்தில் யாரும் சிறுத்தை என்று சொல்வதில்லை. "புலி எறங்கிட்டு" என்றுதான் சொல்வார்கள். ஆனால் இலங்கைக் காடுகளில் வரிப்புலி கிடையாது. இங்கே புலி என்பதும், சிங்களத்தில் கொட்டியா என்பதும் சிறுத்தையையே குறிக்கின்றன. 1956இல் பி. ஈ. பி. தெரணியகல இலங்கைச் சிறுத்தையைத் தனி உபஇனமாக விவரித்தபோது, அதன் விஞ்ஞானப் பெயரிலும் 'கொட்டியா' என்ற சொல்லையே சேர்த்தார்.

"எறங்கிட்டு" என்ற சொல்லைத்தான் சற்று யோசிக்க வேண்டும். எங்கிருந்தோ வந்து இறங்கிய அந்நிய மிருகம் போல அது ஒலிக்கிறது. உண்மை வேறு. 1830களுக்குப் பின் கோப்பிக்காகவும், 1869இல் கோப்பியில் இலைநோய் கண்ட பிறகு தேயிலைக்காகவும் இந்த மலைகளின் காடு வெட்டப்பட்டது. மிஞ்சியவை மலையுச்சிகளிலும் ஓடைக்கரைகளிலும் பாறைச் சரிவுகளிலும் துண்டுதுண்டாகக் கிடக்கும் சோலைகளே. சிவனொளிபாதமலை வனப்பகுதி, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் ஆகிய மூன்றையும் யுனெஸ்கோ 2010இல் உலக மரபுரிமையாக அறிவித்தது. ஆனால் சிறுத்தைக்கு வரைபடத்தின் எல்லை தெரியாது. ஒரு சோலையிலிருந்து மற்றச் சோலைக்குப் போக அதற்குத் தேயிலை மலைதான் பாதை.

அன்ட்ரூ கிட்டில், அஞ்சலி வொட்சன் ஆகிய ஆய்வாளர்கள் தானியங்கிக் கெமராக்களைப் பொருத்தி மலையகச் சிறுத்தைகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். தோட்டங்களை ஒட்டிய இந்தச் சிறு காடுகளிலும் சிறுத்தை நடமாடி வருவதை அவர்களது பணி காட்டியிருக்கிறது. மரை, கேளையாடு, பன்றி, முள்ளம்பன்றி, மந்தி ஆகியவற்றோடு, லயத்து நாயும் சிலவேளை அதற்கு இரையாகிறது. பகலில் பதுங்கிக் கிடந்து இரவில்தான் பெரும்பாலும் நடமாடும். "நாம பேசாம இருந்தா அது பாட்டுக்குப் போயிரும்" என்று தோட்டத்து முதியவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியே.

பன்றிக்கு வைத்த கம்பி

2020 மே மாத இறுதியில், பாவா ஆதம் மலையின் அடிவாரமான நல்லதண்ணிப் பகுதியில் மரக்கறித் தோட்டம் ஒன்றில் வைத்திருந்த சுருக்கில் கறுஞ்சிறுத்தை ஒன்று சிக்கியது. அது தனி இனமல்ல. மரபணு மாற்றத்தால் மேனி கறுத்த சாதாரண சிறுத்தைதான். இலங்கையில் மிக அபூர்வமாகவே காணப்படுவது. வனஜீவராசிகள் வைத்தியர்கள் மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் அது இறந்துபோனது.

சுருக்குக் கம்பி விலை கூடிய ஆயுதமல்ல. பழைய சைக்கிள் பிரேக் கம்பியே போதும். மிருகம் இழுக்க இழுக்க அது இறுகும். கழுத்தில் விழுந்தால் மூச்சு முட்டும். இடுப்பில் விழுந்தால் உள்ளுறுப்புகள் நசிந்துவிடும். வெளியே காயம் சிறிதாகத் தெரிந்தாலும், மீட்ட பின் இறப்பது அதனால்தான்.

கம்பி வைப்பவரைக் கொலைகாரராகப் பார்ப்பதும் நியாயமாகாது. லயத்துக்குப் பின்னால் கையளவு நிலத்தில் கிழங்கோ லீக்ஸோ போட்டு, நாட்சம்பளத்தோடு நாலு காசு சேர்க்கப் பார்க்கும் குடும்பம் அது. "பன்னி ஒரு ராத்திரியில எல்லாத்தையும் கிண்டிட்டுப் போயிருது" என்ற ஆதங்கம் பொய்யல்ல. இறைச்சிக்காக வைப்பவர்களும் இருக்கிறார்கள். எப்படியிருந்தாலும் கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது.

இதில் மனிதருக்கும் ஆபத்துண்டு. சிக்கிய சிறுத்தையைப் பார்க்கக் கூட்டம் கூடும். கம்பி அறுந்தால் அது முதலில் பாய்வது அங்கே நிற்பவர் மீதுதான். கொழுந்து பறிக்கும் பெண்கள் தேயிலைச் செடிக்குள் படுத்திருக்கும் சிறுத்தையை அறியாமல் நெருங்கிக் காயப்படுவதும் நடக்கிறது. குட்டிகளைக் கண்டால் தூக்கிவரக் கூடாது. தாய் இரை தேடிப் போயிருக்கும், திரும்பி வரும்.

நாம் செய்யக்கூடியவை

இலங்கையில் வளர்ந்த சிறுத்தைகள் ஆயிரத்துக்கும் குறைவு என்பதே ஆய்வாளர்களின் மதிப்பீடு. விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937 முதல் இருக்கிறது. சிறுத்தையைக் கொல்வது கடும் குற்றம். ஆனால் சட்டம் மட்டும் கம்பியை அவிழ்க்காது. மரக்கறி நிலத்துக்கு வேலி போடத் தோட்ட நிர்வாகம் உதவ வேண்டும். லயத்துப் பாதைக்கு விளக்கு வேண்டும். இருட்டில் பாடசாலைக்கு வெளிக்கிடும் பிள்ளைகள் தனியாகப் போகாமல் கூட்டமாகப் போகப் பழக வேண்டும். சிறுத்தை சிக்கினால் கூட்டம் கூடாமல் 1992 என்ற இலக்கத்தில் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

ஹட்டன், நுவரெலியா போன்ற நகரங்களில் வாழும் எமக்கும் இதில் பங்குண்டு. பன்றி எமக்கு ஹராம், கம்பி வைப்பது நாமல்ல என்று ஒதுங்க முடியாது. இறைச்சிக்கடைக் கழிவும், ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யாக் கழிவும் ஓடையோரத்தில் கொட்டப்பட்டால், அங்கே நாயும் பன்றியும் சேரும். அவற்றைத் தேடிச் சிறுத்தையும் வரும். வந்து நிற்பது ஏழைத் தொழிலாளியின் லயத்து வாசலில். கழிவை ஆழமாகப் புதைக்க ஒவ்வொரு ஜமாஅத்தும் ஏற்பாடு செய்தால் இந்த ஒரு வாசலையாவது அடைக்கலாம்.

ஊர்வனவும் பறப்பனவும் எம்மைப் போன்ற சமூகங்களே என்பது அல்குர்ஆனின் ஆறாவது அத்தியாயம் தரும் பாடம். ஒரு பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணுக்கு நேர்ந்த தண்டனையை நபி (ஸல்) அவர்கள் எச்சரிக்கையாகச் சொன்னார்கள். பூனைக்கே அப்படியென்றால், கம்பியில் இரவு முழுக்கத் துடிக்கும் சிறுத்தைக்காகவும் நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமை குத்பாக்களிலும் பாடசாலைக் காலைக் கூட்டங்களிலும் இதைப் பேசத் தொடங்கலாம். அடுத்த பெருநாளுக்கு முன்பே தொடங்கினால் இன்னும் நல்லது.