மீண்டும் விண்ணப்பிப்போர் எழுதும் தன்கூற்று

ஐக்கிய அமெரிக்காவில் வைத்தியத் துறை யாதேனும் ஒன்றில் நிபுணராக விரும்புவோர், பட்டம் பெற்றபின் மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை வதிவிடப் பயிற்சி பெறுதல் வேண்டும். அப்பயிற்சிக்கு ஆளையும் இடத்தையும் பொருத்தும் தேசியத் திட்டம் ஒன்று 1952ஆம் ஆண்டு முதல் அங்கு நடைபெற்று வருகின்றது. விண்ணப்பதாரர் தாம் விரும்பும் பயிற்சி நிலையங்களையும், நிலையங்கள் தாம் விரும்பும் விண்ணப்பதாரரையும் வரிசைப்படுத்திக் கொடுக்க, கணினி அவற்றை இணைக்கின்றது. இன்னார்க்கு இன்ன இடம் என்பது மார்ச் மாதத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை வெளியாகும். இடம் கிடைத்ததோ இல்லையோ என்பது மட்டும் அவ்வாரத்துத் திங்கட்கிழமையே தெரிந்துவிடும். எம் கல்லூரியிற் பயின்று வைத்தியரானோருள்ளும் அத்திங்கட்கிழமையை எண்ணி உறங்காதிருந்தோர் உளர்.

இடம் பெறாதோர் அவ்வாரமே எஞ்சிய இடங்களுக்கு முயல்வர். அதுவுங் கைகூடாவிடின் ஓராண்டு காத்திருத்தல் வேண்டும். வெளிநாட்டிற் கற்றோர்க்கு இது சிறிய இழப்பன்று. பட்டம் பெற்று எத்தனை ஆண்டு கழிந்தன என்பதைப் பல நிலையங்கள் உற்று நோக்குகின்றன. இந்நிலையிற் பழைய தன்கூற்றையே எடுத்து, இறுதியில் இரு வாக்கியம் ஒட்டி அனுப்புவோர் பலர். சென்ற ஆண்டு வாசித்தவரே இவ்வாண்டும் வாசித்தல் கூடும் என்பதை அவர் எண்ணுவதில்லை.

ஆங்கிலத்தில் எழுதப்படும் கூற்றைப்பற்றித் தமிழாசிரியன் பேசுவதேன் எனச் சிலர் வினவக்கூடும். கட்டுரைக் குற்றங்கள் மொழிக்கு மொழி பெரிதும் வேறுபடுவனவல்ல என்பதே எம் விடை.

தவறியது எங்கே என்று முதலிற் காணல் வேண்டும். நேர்முகத்துக்கு அழைப்பே வராதவர்க்குக் குறை பெரும்பாலும் விண்ணப்பத்திலேயே உள்ளது: பரீட்சைப் பெறுபேறு, சான்றுக் கடிதம், தன்கூற்று ஆகியவற்றுள் ஒன்றிலோ பலவற்றிலோ. பல அழைப்பு வந்தும் இடம் பெறாதவர் நேர்முகத்திற் சறுக்கியிருத்தல் கூடும். அவர் தன்கூற்றை எத்துணை செதுக்கினும் பயன் சிறிதே.

தன்கூற்றுக்கள் பல சிறுபராயத்தில் தொடங்குகின்றன. பாட்டியார் நோயுற்றார், வைத்தியர் வந்தார், சிறுவன் அன்றே உறுதி பூண்டான் என்று கதை செல்லும். முதன்முறை எழுதுவோர்க்கு அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். மீண்டும் விண்ணப்பிப்பவரை நோக்கி வாசிப்பவர் மனத்தில் எழும் வினா, “இவ்வோராண்டில் யாது செய்தீர்?” என்பதே. ஆதலின் அவ்வாண்டே கட்டுரையின் பொருளாதல் வேண்டும். “அனுபவம் பெற்றேன், முதிர்ச்சியடைந்தேன்” என்பது வெற்றுரை. “நீரிழிவுச் சிகிச்சை நிலையமொன்றில் ஒன்பது மாதம் பணியாற்றினேன். இன்சுலினைத் தவறவிடுவோர் பலர் சோம்பரல்லர், விலை கொடுக்க இயலாதவர் எனக் கண்டேன். மருந்து எழுதுமுன் அதனை வினவப் பழகினேன்” என்பதிற் செய்தியுண்டு. எழுதியவர் எத்தகைய வைத்தியர் என்பதும் அதிலே தெரிகின்றது.

முன்னர் இடங் கிடையாமையை மறைத்தலும் வேண்டா, அதற்காகப் புலம்புதலும் வேண்டா. பரீட்சையொன்றிற் சித்தியெய்தாதிருப்பின் அது பெறுபேற்றுத் தாளில் எவ்வாறேனும் தெரியும். காரணத்தை ஒரு வாக்கியத்திலும், பின்னர்ச் செய்த மாற்றத்தை ஒரு வாக்கியத்திலுங் கூறி மேற்செல்லலாம். தேர்வு முறையைப் பழிப்பவர், உடன் பணியாற்றுதற்குக் கடினமானவர் என்றே எண்ணப்படுவார். அமெரிக்க வைத்திய உரிமப் பரீட்சையின் முதற்படி 2022 ஜனவரி முதல், புள்ளியின்றிச் சித்தி, சித்தியின்மை என்று மட்டுமே அறிவிக்கப்படுகின்றது. அதனால் ஏனைய பகுதிகளுக்கு மதிப்பு மிகுந்திருத்தல் வேண்டும் என்பது எம் கருத்து.

விண்ணப்பப் படிவம் 28,000 எழுத்துக்குறி வரை இடந்தரினும் ஒரு பக்கமே வழக்கம். சத்திரசிகிச்சையை விட்டுக் குடும்ப வைத்தியத்துக்கு மாறுவோர் புதிதாகவே எழுதல் வேண்டும். இரு துறைக்கும் விண்ணப்பிப்போர் துறைக்கொரு கூற்று அனுப்பலாம். ஆனால் கத்தியைப் புகழ்ந்த கூற்றைக் குடும்ப வைத்தியர்க்கு அனுப்பிவிடாமற் பார்த்துக்கொள்ளல் வேண்டும். பிறர் எழுத்தை இரவல் கொள்வோர்க்கு ஒரு சொல்: கூற்றுக்களை ஒப்பிட்டு ஒற்றுமை காணும் முறையும் அங்கு உண்டு.

செப்டெம்பர் இறுதியில் விண்ணப்பங்கள் பயிற்சி நிலையங்களின் பார்வைக்கு வரும். சித்திரை, வைகாசியிலே முதற்பிரதியை எழுதி, அத்துறை வைத்தியர் ஒருவரிடமும், தம்மை நன்கறிந்த, வைத்தியரல்லாத நண்பர் ஒருவரிடமுங் காட்டல் நன்று. முன்னவர் பொருட்பிழை காண்பார். பின்னவர், “இது நீர் பேசுவது போல் இல்லையே” என்பார்.