மேட்டூர் திறப்பும் உள்ளம் மீனின் பயணமும்

ஏற்காடு, தலைச்சோலை முதலிய ஊர்களைத் தாங்கிய சேர்வராயன் மலையில் பிறக்கும் சரபங்காவும் திருமணிமுத்தாறும் மேட்டூர் அணைக்குக் கீழேதான் காவிரியில் கலக்கின்றன என்பதால், அணை தடுத்து வைக்காத மலைமழையின் கலங்கல் நீர் அவற்றின் வழியாக ஆற்றுக்கு இன்னும் சிறிதளவு கிடைத்துவருகிறது. கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக ஆற்றில் ஏறும் உள்ளம் என்னும் ஹில்சா மீனுக்குப் பயணக் குறியாக அமைவது வண்டலோடு பெருகிவரும் இத்தகைய புதுவெள்ளமே.

கொள்ளிடத்தில் 1836இல் கட்டப்பட்ட மேலணையும் கீழணையும் அந்தப் பயணத்தை முதலில் மறித்தன. அணைக்கட்டுகளால் மீன்வளம் அழிவதை ஆய்வாளர் பிரான்சிஸ் டே 1873ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எடுத்துரைத்தார். கீழணையின் அடியில் உள்ளம் மீன்கள் திரண்டு நின்றதால்தான், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றின் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்க அங்கே முயற்சி நடந்தது. 1934இல் பணி முடிந்த மேட்டூர் அணை, 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) கொள்ளளவோடு வெள்ளத்தின் உச்சத்தையும் வண்டலையும் தன்னுள் நிறுத்திக்கொண்டபின், காவிரியின் உள்ளம் மீன்பிடிப்பு நொடிந்துபோயிற்று.

வழக்கப்படி ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை மேட்டூரில் திறக்கப்படும் நீர், பயிரின் தேவையை அளந்தே திறக்கப்படுகிறது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் சுற்றுச்சூழலுக்கென 10 டி.எம்.சி.யை ஒதுக்கியது பாராட்டத்தக்கது. ஆயினும் அது பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 டி.எம்.சி. எனப் பிரிக்கப்பட்டிருப்பதால், கோடையில் ஆறு வறண்டுவிடாமல் காக்க உதவுமேயன்றி, தென்மேற்குப் பருவத்தில் ஏறவேண்டிய மீனுக்குப் பயன்படாது. மீனைப் பொறுத்தவரை நீரின் அளவைப் போலவே அது வரும் காலமும், பெருகி வடியும் விதமும் இன்றியமையாதவை.

சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையில் 2011 முதல், கெண்டை இன மீன்கள் முட்டையிடும் பருவத்தில் சில நாள்களுக்கு நீர்த்திறப்பைப் படிப்படியாக உயர்த்தி, செயற்கை வெள்ளம் உண்டாக்கும் முறை கையாளப்படுகிறது. மேட்டூர் நிரம்பும் ஆண்டுகளில் உபரிநீர் எப்படியும் கொள்ளிடம் வழியே கடலுக்குத்தான் செல்கிறது. அதனைத் திடீரெனத் திறந்து திடீரென அடைக்காமல், மெல்ல ஏற்றி மெல்ல இறக்கினால், குஞ்சுகள் குட்டைகளில் சிக்கி மடிவதைக் குறைக்கலாம். இதற்காக உழவரின் பங்கில் ஒரு துளியும் குறையவேண்டியதில்லை. மேட்டூரைத் தாண்டி மீன் ஏற வழியில்லை என்பது உண்மைதான். ஆனால் கீழணையில் மீன் ஏறுவதற்கேற்ற சரிவான நீர்வழியை அமைத்து, உபரிநீர்த் திறப்பை மீனின் பருவத்தோடு இசைவிக்கும் பணியை நீர்வளத்துறையும் மீன்வளத்துறையும் ஒன்றுசேர்ந்து மேற்கொள்ள வேண்டும்.