ஐந்து ஆட்டம் வேண்டாம்... ஒரே ஆட்டம் போதும்! செஸ்ஸில் முன்னேற எளிய வழிகள்

ஓமலூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி சேலத்தில் இறங்குவதற்குள் மொபைலில் 3 நிமிட செஸ் நாலைந்து ஆட்டம் ஆடிவிடலாம். இரண்டில் வெற்றி, மூன்றில் தோல்வி. மறுநாளும் அதே கதைதான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் முடிந்திருக்கும், ரேட்டிங் மட்டும் நகர்ந்திருக்காது. 'நமக்கு செஸ் வராது' என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். பெரிய நகரம், விலையுயர்ந்த பயிற்சி எதுவும் இல்லாமலே இந்தத் தேக்கத்தைத் தாண்ட முடியும்.

தனியாக உட்காரும் நேரம்

நீல் சார்னஸ் தலைமையிலான உளவியல் ஆய்வாளர்கள், செஸ் ஆட்டக்காரர்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று ஆராய்ந்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். போட்டிகளில் ஆடிய நேரத்தைவிட, தனியாக உட்கார்ந்து படித்த நேரமே ஆட்டத்திறனோடு அதிகம் ஒத்துப்போனது. ஆடுவது தேவைதான். ஆனால், ஆடியதைத் திரும்பிப் பார்க்காவிட்டால் அதே தவறுதான் பழக்கமாகும்.

தோற்ற ஆட்டத்தைத் திறங்கள்

ஆட்டம் முடிந்ததும் கம்ப்யூட்டர் இன்ஜினைத் தட்டி, 'இதுதான் சரியான மூவ்' என்று பார்த்துவிட்டு நகர்வதில் பயனில்லை. முதலில் நீங்களே தேடுங்கள். எந்த மூவில் ஆட்டம் கை நழுவியது? அப்போது மனதில் என்ன ஓடியது? எதிராளியின் எந்த மிரட்டல் கண்ணில் படவில்லை? விடையை ஒரு நோட்டில் ஒரே வரியில் எழுதிவிட்டுப் பிறகு இன்ஜினைக் கேளுங்கள். 20 ஆட்டம் சேர்ந்ததும் நோட்டைப் புரட்டினால், ஒரே வகைத் தவறு திரும்பத் திரும்ப வருவது தெரியும். அதுதான் உங்கள் பாடத்திட்டம்!

சென்னைப் பையன் குகேஷும் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவிடம் பல ஆண்டுகள் இன்ஜினைத் தொடாமல்தான் பயிற்சி பெற்றார். சொந்தமாகக் கணக்குப் போடும் பழக்கம் அப்படித்தான் வளர்ந்தது.

புதிர்கள் ஏன்?

1973-ல் சேஸ், சைமன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரு செஸ் போர்டை 5 விநாடி மட்டும் காட்டிவிட்டு, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் சுமார் 16 காய்களைச் சரியாக வைத்தார். புதியவரால் நாலுதான் முடிந்தது. அதே காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டியபோது மாஸ்டரும் தடுமாறினார். அவரது பலம் அபார ஞாபகசக்தி இல்லை, அடிக்கடி பார்த்துப் பழகிய அமைப்புகள்.

அந்தப் பழக்கத்தைத் தருபவை புதிர்கள். குதிரை ஒரே நேரத்தில் ராஜாவையும் ராணியையும் தாக்குவது, மாட்டிக்கொண்ட சிப்பாய், பின்வரிசை மேட்... தினம் 10 எளிய புதிர் போதும். தவறிய புதிர்களை வாரக் கடைசியில் மறுபடி போடுங்கள். லிசெஸ் தளத்தில் புதிர், அலசல் எல்லாமே இலவசம், விளம்பரமும் கிடையாது.

கடைசிக் கட்டம் முக்கியம்

ஓப்பனிங் வீடியோக்களில் மாதக்கணக்கில் மூழ்குபவர்கள், ராஜாவும் ஒரு சிப்பாயும் மட்டும் மிஞ்சினால் எப்படி ஜெயிப்பது என்று தெரியாமல் நிற்பார்கள். அது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2024 டிசம்பர் 12 சாட்சி. சிங்கப்பூரில் உலக சாம்பியன் போட்டியின் 14-வது ஆட்டம். 55-வது மூவில் டிங் லிரென் யானையை மாற்றிக்கொள்ள முன்வந்தார். குகேஷ் யானையையும், அடுத்து மந்திரியையும் மாற்றிக்கொண்டார். மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும்தான். ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்த குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

வயசாகிவிட்டதா?

நாகர்கோவிலைச் சேர்ந்த ஷ்யாம் நிகில் 2012-லேயே 2500 ரேட்டிங்கைத் தொட்டவர். கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்குத் தேவையான கடைசித் தகுதியை எட்டியதோ 2024-ல், 31 வயதில்! பொழுதுபோக்காக ஆடுபவருக்கு இவ்வளவு பெரிய இலக்கு தேவையில்லை. ஆனால், அந்தப் பொறுமை தேவை.

தினம் அரை மணி நேரத் திட்டம்

திங்கள் முதல் வெள்ளி வரை: 10 புதிர், பிறகு ராஜா-சிப்பாய், யானை-சிப்பாய் பாடம் ஏதாவது ஒன்று.

சனி: ஆளுக்கு 30 நிமிடம் வைத்து ஒரே ஆட்டம். முடிந்தால் நேரில், நிஜப் பலகையில். வீட்டில் பிள்ளைகளோடு ஆடினால் இன்னும் நல்லது.

ஞாயிறு: அந்த ஆட்டத்தை அலசி நோட்டில் எழுதுங்கள். அந்த வாரம் தவறிய புதிர்களையும் மறுபடி போடுங்கள்.

ஒவ்வொரு மூவுக்கும் முன்னால் ஒரே கேள்வி: 'இதை நகர்த்தினால் எதிராளி எதை வெட்டலாம், எங்கே செக் வைக்கலாம்?' ஆரம்பநிலை ஆட்டங்களில் பாதிக்கு மேல் காயை இலவசமாகக் கொடுத்துத்தான் தோற்கிறோம் என்பதை உங்கள் நோட்டே காட்டிக்கொடுக்கும். அந்தக் கேள்வி பழக்கமானாலே ரேட்டிங் தானாக நகர ஆரம்பிக்கும்.