ஊட்டிக் குளிரில் உட்கார்ந்துபோகும் கேக்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் வண்டிகள் மூச்சு வாங்க நிற்கும் ஊர் பர்லியார். மங்குஸ்தான், துரியன், ஜாதிக்காய், கிராம்பு எல்லாம் விளையும் அரசுத் தோட்டக்கலைப் பண்ணை இங்கே 1871 முதல் இருக்கிறது. இதற்கு மேலே உள்ள குளிரை இந்தப் பயிர்களில் பல தாங்குவதில்லை. கேக் சுடுகிறவர்களுக்கும் ஏறத்தாழ இங்கேதான் எல்லை. 3,000 அடிக்கு மேல் சமவெளிச் செய்முறையை அப்படியே நம்பக் கூடாது என்பது பேக்கிங்கில் பழைய பாடம். பர்லியார் அதற்குச் சற்றுக் கீழே. சுமார் 1,700 மீட்டரில் இருக்கும் குன்னூரும் 2,200 மீட்டரில் இருக்கும் ஊட்டியும் வெகு மேலே. முட்டைக்குப் பதில் வேறொன்றைச் சேர்க்க நினைப்பவர்கள் இந்த உயரக் கணக்கையும் பார்த்தாக வேண்டும்.

ஓடு நீங்கிய ஒரு முட்டை சுமார் 50 கிராம். முக்கால் பங்கு தண்ணீர். புரதம் ஆறு கிராம், கொழுப்பு ஐந்து கிராம். அடிக்கும்போது காற்றைப் பிடித்து நுரைப்பது ஒரு வேலை. மஞ்சள்கருவில் உள்ள லெசிதின் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்து வைப்பது இன்னொரு வேலை. மூன்றாவது, சூட்டில் புரதம் இறுகி, உப்பிய மாவை அப்படியே தாங்கி நிறுத்துவது. மலையில் சோதனைக்கு உள்ளாவது இந்த மூன்றாவது வேலைதான்.

உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும். சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் தண்ணீரின் கொதிநிலை இறங்கும். பர்லியாரில் 97 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும் தண்ணீர் ஊட்டியில் 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும். ஓவனை 180-ல் வைத்தாலும் ஈரமுள்ளவரை கேக்கின் நடுப்பகுதி கொதிநிலையைப் பெரிதாகத் தாண்டாது. அழுத்தம் குறைவு என்பதால் மாவுக்குள் இருக்கும் வாயுக் குமிழ்கள் சமவெளியைவிடப் பெரிதாக விரிகின்றன. சர்க்கரையோ மைதாவின் மாவுச்சத்து வெந்து கெட்டிப்படும் வெப்பநிலையை மேலே தள்ளுகிறது. இனிப்பு கூடினால் அது 80, 90 டிகிரி வரைகூடப் போகும். உப்புவது சீக்கிரம், இறுகுவது தாமதம். கேக் பொங்கி எழுந்து நடுவில் உட்கார்ந்துபோவது இதனால்தான்.

நம் வீடுகளில் முட்டையில்லாக் கேக் என்றால் முதலில் கைக்கு வருவது கன்டென்ஸ்டு மில்க். பால் புரதம் இருப்பதால் நிறமும் மென்மையும் நன்றாக வரும். ஆனால் அதில் பாதிக்கு மேல் சர்க்கரை. மேட்டுப்பாளையத்தில் அழகாக வந்த அதே அளவு ஊட்டியில் குழிந்துபோனால் கையைக் குறை சொல்ல வேண்டாம். தனியாகச் சேர்க்கும் சர்க்கரையைக் குறையுங்கள். பேக்கிங் பவுடரையும் கொஞ்சம் குறையுங்கள். ஓவன் சூட்டைப் பத்து டிகிரி கூட்டுங்கள். ஈரம் சீக்கிரம் ஆவியாகும் என்பதால் ஓரிரு கரண்டி பாலோ தண்ணீரோ கூடுதலாக வேண்டும்.

கால் கப் தயிரும் ஆப்ப சோடாவும் சேர்ந்தால் உப்பும், ஆனால் பிடிமானம் தராது. மசித்த வாழைப்பழம் ஈரத்தையும் மணத்தையும் தரும். சாதாரண வெனிலா கேக்கில் அந்த மணம் வேண்டாத விருந்தாளி. ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று கரண்டி தண்ணீரில் ஊறவைத்தால் வரும் கொழகொழப்பு, பிஸ்கட்டுக்கும் மஃபினுக்கும் போதும். கொண்டைக்கடலை வெந்த தண்ணீர் வெண்கருவைப் போலவே நுரைக்கும் என்று பிரான்சின் ஜோயல் ரோஸ்ஸல் காட்டியது 2014-ல். மெரிங்குக்கு அது அருமை. கேக்கைத் தாங்க அதை மட்டும் நம்ப மாட்டேன்.

முட்டை சாப்பிடுவார்கள், ஆனால் கடைக்கு நினைத்தபோது இறங்க முடியாது என்ற எஸ்டேட் வீடுகளுக்கு முட்டைப் பவுடர்தான் சரி. இது மாற்று அல்ல, தண்ணீர் போன முட்டையேதான். பாஸ்சரைஸ் செய்த முட்டைக் கலவையைச் சூடான காற்றில் தூவலாகப் பீய்ச்சி நொடிகளில் உலர்த்துகிறார்கள். வெண்கருவில் இயல்பாக உள்ள சிறிதளவு குளுக்கோஸை முன்கூட்டியே நீக்கிவிடுவார்கள்; இல்லையென்றால் அது புரதத்தோடு வினைபுரிந்து பவுடர் பழுப்பாகும். போர்க்காலத்தில், 1942 முதல், அமெரிக்க முட்டைப் பவுடர் பிரிட்டனின் ரேஷனில் வந்தது. ஒரு டப்பா ஒரு டஜன் முட்டைக்குச் சமம். இன்று நம் ஈரோட்டிலிருந்தே எஸ்கேஎம் நிறுவனம் ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் முட்டைப் பவுடர் அனுப்புகிறது.

எடைக்கு ஒரு பங்கு பவுடர், மூன்று பங்கு தண்ணீர். அதாவது 12 கிராம் பவுடருக்கு 36 முதல் 38 மில்லி. பிளம் கேக், பட்டர் கேக் போன்றவற்றில் பவுடரை மைதாவோடு சலித்துவிட்டு, தண்ணீரைப் பாலோடு ஊற்றலாம். இறுகும் திறன் பெரும்பாலும் அப்படியே இருப்பதால் குன்னூருக்கு மேலும் இது கைகொடுக்கும். உலர்த்தும்போது நுரைக்கும் திறன் குறைந்துவிடுவதால் நுரையை மட்டுமே நம்பிய ஸ்பாஞ்ச் கேக்குக்கு ஒத்துவராது. அதற்குத் தனி வெண்கருப் பவுடர் வாங்க வேண்டும், ஒரு பங்குக்கு ஏழு பங்கு தண்ணீர். மலைக் காற்றின் ஈரம் பட்டால் பவுடர் கட்டிதட்டும். காற்றுப் புகாத டப்பாவில், ஃப்ரிட்ஜில் வையுங்கள். தண்ணீரில் கரைத்த பிறகு அது பச்சை முட்டைதான், உடனே சுட்டுவிடுங்கள்.