இரட்டைக் கழுகு: ஒரு பொற்காசின் கதை

பொன்னை நிறுத்து விலை சொல்லலாம். நாணயத்தை நிறுத்து விலை சொல்ல இயலாது. இதற்கு ஐக்கிய அமெரிக்காவின் 'இரட்டைக் கழுகு' என்னும் பொற்காசு நல்லதொரு சான்று. அந்நாட்டில் பத்து டொலர்ப் பொற்காசுக்குக் 'கழுகு' என்பது பெயர். ஆதலால் இருபது டொலர்க் காசு இரட்டைக் கழுகு ஆயிற்று. அதன் நிறை 33.4 கிராம். நம் வீடுகளில் வழங்கும் கணக்கிலே நாலு பவுணுக்குச் சற்று மேல். அதிற் பத்தில் ஒன்பது பங்கு பொன், எஞ்சியது செம்பு. 1933ஆம் ஆண்டிற் பொறித்த அத்தகைய காசு ஒன்று, 2021ஆம் ஆண்டு யூன் 8ஆந் திகதி நியூயோர்க் நகரில் 1 கோடியே 88 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போயிற்று. அதுவரை எந்த நாணயமும் ஏலத்தில் அத்துணை விலை பெற்றதில்லை. இவ்விலை எங்ஙனம் வந்தது?

சிற்பியின் கனவு

1904ஆம் ஆண்டின் இறுதியில் ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ற், தம் நாட்டு நாணயங்கள் அழகற்றவை என்று மனம் வருந்தித் திறைசேரிச் செயலாளருக்கு எழுதினார். புகழ்பெற்ற சிற்பியாகிய அகஸ்ரஸ் செயின்ற் கோடன்ஸ் என்பவரைப் புதிய உருவங்களை வரைந்து தருமாறு வேண்டினார். பண்டைக் கிரேக்க நாணயங்களில் உருவங்கள் எடுப்பாகப் புடைத்து நிற்கும். அவ்வழகு தம் நாட்டு மக்கள் நாள்தோறும் கையாளும் காசிலும் விளங்கவேண்டும் என்பது இருவரின் விருப்பமுமாகும்.

சிற்பி அமைத்த முகப்பிலே சுதந்திர தேவி நம்மை நோக்கி நடந்து வருகிறாள். வலக்கையில் தீபம், இடக்கையில் ஒலிவக் கிளை, பின்னே கதிர்கள். மறுபுறத்தில் உதயசூரியனுக்கு மேலே கழுகொன்று சிறகு விரித்துப் பறக்கிறது.

ஆயின், நாணயசாலையின் பிரதம செதுக்குநர் சாள்ஸ் பார்பர் இதனை ஏற்கவில்லை. அவர் கூறிய காரணத்தையும் நாம் ஒதுக்கிவிடல் ஆகாது. வழங்கும் காசு அச்சுப் பொறியின் ஒரே அழுத்தத்தில் உருவாக வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினால் சரியாமல் நிற்கவும் வேண்டும். சிற்பியின் முதல் மாதிரிக் காசுகளையோ பன்முறை அழுத்தவேண்டியிருந்தது. புடைப்பைக் குறைத்த பின்னரும் மூன்று அழுத்தங்கள் தேவைப்பட்டன. உரோம எண்களில் ஆண்டு பொறித்த அக்காசுகள் ஏறத்தாழ 12,000 மட்டுமே வெளிவந்தன. பின்னர் பார்பரே உருவங்களைத் தட்டையாக்கிப் பெருந்தொகையில் அச்சிட வழி செய்தார். இவை எவற்றையும் சிற்பி காணவில்லை. புற்றுநோயால் வருந்திய அவர் 1907ஆம் ஆண்டு ஓகஸ்ற் 3ஆந் திகதி காலமானார்.

உலைக்குச் சென்ற காசுகள்

1933இல் அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தால் அல்லலுற்றது. முன்னவரின் தூரத்து உறவினராகிய ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ற், மக்கள் தம்மிடமுள்ள பொன்னை ஒப்படைக்கவேண்டும் என்று ஏப்ரல் 5ஆந் திகதி கட்டளையிட்டார். அவ்வாண்டில் 445,500 இரட்டைக் கழுகுகள் அச்சாகியிருந்தன. அவற்றுள் ஒன்றேனும் முறைப்படி வெளியிடப்படவில்லை. இரண்டு, தேசிய நாணயத் தொகுதிக்கெனச் சிமித்சோனியன் நிறுவனத்துக்குச் சென்றன. ஏனையவை 1937இல் உருக்கப்பட்டன.

உருக்கப்பட்டன என்றே அரசாங்கமும் நம்பியது. எனினும், சில காசுகள் களவாக வெளியேறியிருந்தன. அவற்றுள் ஒன்றை எகிப்திய மன்னர் பாறூக் 1944இல் வாங்கினார். அதன் வரலாற்றை அறியாத திறைசேரியோ, அதனை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல உத்தரவுப் பத்திரமும் வழங்கிவிட்டது! 1952இல் மன்னர் முடியிழந்தார். 1954இல் அவருடைய செல்வங்கள் கெய்ரோவில் ஏலமிடப்பட்டபோது, அமெரிக்காவின் வேண்டுகோளால் அக்காசு விலக்கப்பட்டது. பின்னர் அது மறைந்தது. 1996இல் நியூயோர்க்கில் ஓர் ஆங்கில வணிகரிடம் 1933ஆம் ஆண்டுக் காசொன்று அகப்பட்டது. பாறூக் மன்னரின் காசு அதுவே எனக் கருதப்படுகிறது. வழக்கு நிகழ்ந்து, 2001இல் இணக்கம் ஏற்பட்டது. 2002ஆம் ஆண்டு யூலை 30ஆந் திகதி அது 75,90,020 டொலருக்கு விலைபோயிற்று.

அத்தொகையின் கடைசி இருபது டொலரை நேயர்கள் கவனித்தல் வேண்டும். முறைப்படி வெளியிடப்படாத காசு சட்டத்தின் கண்ணில் நாணயம் ஆகாது. ஆகவே, அதன் முகப்பெறுமதியாகிய இருபது டொலரை அரசாங்கத்துக்குச் செலுத்திய பின்னரே அது நாணயமாயிற்று. 2004இல் பிலடெல்பியா நகரக் குடும்பமொன்று இத்தகைய பத்துக் காசுகளைச் சோதனைக்காக நாணயசாலையிடம் கொடுத்தது. அவை அரசாங்கச் சொத்தே என நீதிமன்றங்கள் தீர்த்தன. 2021இல் மீண்டும் ஏலம்போன அந்த ஒரு காசே தனியார் வைத்திருக்கச் சட்டம் இடங்கொடுத்த காசாகும்.

விலையின் இரகசியம்

இதே உருவமும் இதே பொன்னும் கொண்ட 1924ஆம் ஆண்டுக் காசு, பொன்விலைக்குச் சற்று மேலாகவே பெரும்பாலும் கிடைக்கும். அது பெருந்தொகையில் எஞ்சியிருப்பதே காரணம். ஆகவே, சேகரிப்போர் கோடிகளைக் கொட்டுவது பொன்னுக்காக அன்று. உருக்குலையிலிருந்து தப்பிய அந்த ஓராண்டுக்காகவே. சிற்பியின் ஆசையும் முற்றாக வீண்போகவில்லை. அவர் விரும்பிய உயர்ந்த புடைப்பிலே, கணினியின் துணைகொண்டு, 2009இல் அமெரிக்க நாணயசாலை அக்காசை மீண்டும் பொறித்தது. ஆயினும் அதுவும் சேகரிப்போரின் பேழைக்கே சென்றது. சாதாரண மக்களின் கையில் அழகு புழங்கவேண்டும் என்ற எண்ணத்திற் பிறந்த காசு, இன்று எவர் கையும் படாமற் பூட்டிவைக்கப்படுகிறது.

நாணயம் சேர்க்கும் மாணவர்க்கு ஒரு வார்த்தை. பழங்காசு ஒன்று கிடைத்தால், புளியிட்டு விளக்கி மினுக்க விரையாதீர்கள். அவ்வாறு செய்தால் காலம் அதன்மேற் படிவித்த நிறமும் போகும், விலையும் போகும். முதலில் அதில் எந்த ஆண்டு பொறித்திருக்கிறது என்று பாருங்கள். அவ்வாண்டில் என்ன நடந்தது என்று தேடிப் படியுங்கள்.